114 படம், 2 பேட்டரி

2025 போகிக்கு வீட்டை ஒழிச்சுக்கிட்டிருந்தோம். திண்டுக்கல்ல எங்க வீட்டு ஷோகேஸ்ல ஒரு டிராயர் இருக்கு. எதையெல்லாம் தூக்கிப் போட மனசு வரலையோ அதெல்லாம் அதுக்குள்ள போயிடும். செத்துப்போன ரிமோட், எந்தப் பூட்டுக்குன்னு தெரியாத சாவி, நோக்கியா சார்ஜர் ரெண்டு (மெல்லிசு பின் ஒண்ணு, தடிப் பின் ஒண்ணு), யாரோட கல்யாணம்னே ஞாபகம் இல்லாத பத்திரிகை. அதுக்கெல்லாம் அடியில ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பா. திறந்தா மெமரி கார்டு. மேல '32 ஜிபி'ன்னு போட்டிருந்துச்சு.

எனக்குக் கை நின்னுடுச்சு. கொடைக்கானல் கார்டு! இதைத் தூக்கிப் போட்டாச்சுன்னுல்ல நினைச்சேன்?

சரி, முன்கதையைச் சொல்லிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

2018 குறிஞ்சி பூத்த வருஷம். குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்னு எல்லாருக்கும் தெரியும். 1982, 1994, 2006, 2018. பூத்து, விதை விட்டதும் அந்தச் செடி செத்துப்போயிடும். விதையிலேர்ந்து வர்ற புதுச்செடி திரும்ப 12 வருஷம் சும்மா பச்சையா நிக்கும். பழனி மலையில இருக்கற பளியர்கள் குறிஞ்சி எத்தனை தடவை பூத்துச்சுன்னு கணக்கு வெச்சு வயசு சொல்வாங்கன்னு தாத்தா சொல்வார். அந்தக் கணக்குல எனக்கு இப்ப ரெண்டு வயசு.

தாத்தா 1994-ல போயிருக்கார். அவர் அப்ப பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல கிளார்க். சொந்தமா ஒரு ஹாட் ஷாட் கேமரா வெச்சிருந்தார். எங்க குடும்பத்துல யார் கல்யாணம், யார் காதுகுத்துன்னாலும் கழுத்துல கேமராவை மாட்டிக்கிட்டு தாத்தாதான் நிப்பாராம். 36 படம் இருக்கற ஒரு ரோல் வாங்கினா அதை மூணு விசேஷத்துக்கு வெச்சு ஓட்டுவார். "ஒரு அமுக்குக்கு இவ்வளவு காசு"ன்னு கணக்குப் பார்த்து அமுக்கற ஆளு. கொடைக்கானலுக்கு மட்டும் தனியா ஒரு ரோல் போட்டுட்டுப் போயிருக்கார். அதுல 34 தேறுச்சு. அதுல ஒண்ணு எங்க வீட்டு ஹால்ல ரொம்ப நாளா இருக்கு. குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்துச் சரிவு, பெரிய பாறை ஒண்ணு, பாறையைச் சுத்தி ஊதாவா பூ, பாறை மேல ஒரு கையை ஊணிக்கிட்டு அப்பத்தா. வெயில் கண்ணுல அடிக்குது போல, முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. கலர் எல்லாம் மங்கிப் போய் பூ பழுப்பும் ஊதாவுமா இருக்கும். ஆனா அப்பத்தா முறைக்கிறது மட்டும் இன்னும் பளிச்சுன்னு இருக்கு :-)

2006-ல யாரும் போகலை. நான் ஒரு வயசுக் குழந்தை, என்னைத் தூக்கிக்கிட்டு மலையேற முடியாதுன்னு விட்டுட்டாங்களாம். அதனால 2018 வந்ததும் தாத்தா ஜூலையிலேயே ஆரம்பிச்சிட்டார். பேப்பர்ல குறிஞ்சி பத்தி எது வந்தாலும் வெட்டி வெப்பார். "அதே பாறையில உங்கப்பத்தாவ நிக்க வெச்சு ஒண்ணு எடுக்கணும்டா. 24 வருஷம் கழிச்சு அதே முறைப்பு." அப்ப அவருக்கு 71 வயசு.

காலாண்டு லீவுல கிளம்பினோம். தாத்தா, அப்பத்தா, அப்பா, அம்மா, எட்டாங்கிளாஸ் படிக்கற நான். கேமரா சித்தப்பாவோடது, 2009-ல வாங்கின டிஜிட்டல் கேமரா. ரெண்டு பென்சில் பேட்டரி போடற டைப். அதுல இருந்த கார்டைச் சித்தப்பா எடுத்து வெச்சுக்கிட்டார். அதனால அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிளாட்பாரக் கடையில புதுக் கார்டு வாங்கினார். 32 ஜிபி, 200 ரூபாய். அன்னிக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே! "கடைக்குள்ள போய் வாங்கினா இதே 600, 700 ஆகும்"னு வத்தலக்குண்டு தாண்டற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தார்.

(செல்போன் இல்லையான்னு கேப்பீங்க. அப்பாகிட்ட ஒண்ணு இருந்துச்சு. அதுல இடம் பூரா குட்மார்னிங் படம். கொடைக்கானல்ல அவர் அதுல எடுத்தது மொத்தம் ரெண்டே போட்டோ. லாட்ஜ் வாடகை போர்டு ஒண்ணு, திரும்பி வர்ற பஸ் டைம் ஒண்ணு.)

காட்ரோடு தாண்டி மலையேற ஆரம்பிச்சதும் நான் ஜன்னல் பக்கம் உக்காந்து வீடியோ எடுத்தேன். கொண்டை ஊசி வளைவு, டம்டம் பாறை, கீழ தெரியற பள்ளம். ஆறு நிமிஷம். எட்டாங்கிளாஸ் பையன் கையில கேமரா கொடுத்தா வேற என்ன பண்ணுவான்? முதல் நாள் வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரி, படகு, சைக்கிள், சுட்ட சோளம், சோளம் விக்கிற அக்கா, சோளம் தின்ன வந்த குரங்குன்னு சுட்டுத் தள்ளினேன். தாத்தா பதறிப் போய் "ரோல் தீந்துரும்டா"ன்னார். "இது ரோல் இல்ல தாத்தா, இதுல பத்தாயிரம் போட்டோ எடுக்கலாம்"னு பெருமையாச் சொன்னேன். பத்தாயிரம்!

ரெண்டாம் நாள் காலையில கோக்கர்ஸ் வாக். அங்கேர்ந்து தூண் பாறை. அப்புறம்தான் குறிஞ்சி ஆண்டவர் கோயில். சரிவு பூரா ஊதாப் போர்வைன்னெல்லாம் கதை விட மாட்டேன். செப்டம்பர் கடைசி, மழை வேற. திட்டுத் திட்டாத்தான் இருந்துச்சு, பாதி வாடியும் போச்சு. 1994-ல புதரா இருந்த இடத்துல கட்டடம் வந்திருந்துச்சு. தாத்தா அந்தப் பாறையைத் தேடி அரை மணி நேரம் சுத்தினார். அப்பத்தா "எந்தப் பாறையா இருந்தா என்ன, கால் கடுக்குது"ன்னு திட்டிக்கிட்டே பின்னால நடந்தாங்க. கடைசியில கண்டுபிடிச்சிட்டார். அதே பாறைதான்னு அவர் சொன்னார், நாங்க நம்பினோம்.

கேமராவை என்கிட்டேர்ந்து வாங்கினார். ஆன் பண்ணினா பேட்டரி சிவப்புல கண்ணடிக்குது. குளிர்ல இந்தப் பென்சில் பேட்டரி சீக்கிரம் படுத்துடும். சட்டைப் பையில புதுசா ரெண்டு வெச்சிருந்தார், அங்கயே மாத்தினார். அப்புறம் எடுத்தார், எத்தனைன்னு ஞாபகம் இல்லை. எடுத்தப்போ திரையில அப்பத்தா தெரிஞ்சாங்க, நானே எட்டிப் பார்த்தேன். பேட்டரி வீணாகும்னு பழைய படங்களை ஓட்டிப் பார்க்கக் கூடாதுன்னு தாத்தா உத்தரவு. அதனால ஊருக்கு வர்ற வரைக்கும் யாரும் பார்க்கலை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டோம். 412 பேர் வரிசையா வந்துச்சு. முதல் நாள் எல்லாம் ஜோரா இருக்கு. கீழ போனா ஒரு படம் மேல்பாதி மட்டும் இருக்கு, கீழ்பாதி சாம்பல் கலர். அதுக்கப்புறம் ஒண்ணுமே திறக்கலை. குரங்கு இருந்துச்சு, சோளம் இருந்துச்சு. குறிஞ்சி இல்லை, அப்பத்தா இல்லை.

டவுன்ல ஒரு கடையில கொண்டு போய்க் கொடுத்தோம். 'அழிஞ்ச படம் மீட்டுத் தரப்படும்'னு போர்டு வெச்ச கடை. ரெண்டு நாள் கழிச்சு அந்த அண்ணன் "முதல் பாதி மட்டும்தான் சார் வருது"ன்னு அதே 297-ஐயும் சிடியில போட்டுக் கொடுத்துட்டு, போற போக்குல ஒரு வார்த்தை சொன்னார். "கேமரா ஆன்ல இருக்கும்போதே யாராச்சும் பேட்டரியைக் கழட்டினீங்களா? அப்படிக் கழட்டினா கார்டு போயிரும்."

நான் கத்தினேன். "தாத்தாதான் கழட்டினார்!"

கடையில நாலு பேர் இருந்தாங்க. தாத்தா என் பக்கத்துலதான் நின்னார். "ஆஃப் பண்ணிட்டுத்தானப்பா கழட்டுனேன்"னு சொன்னார். மெதுவாத்தான் சொன்னார். அப்புறம் "இல்ல, பண்ணலையோ என்னமோ"ன்னார்.

அவ்வளவுதான். யாரும் அவரைத் திட்டலை. அப்பா "விடுங்கப்பா"ன்னுட்டார். ஆனா அது எங்க வீட்டுல ஒரு கதையா ஆயிடுச்சு. சொந்தக்காரங்க வந்தா "குறிஞ்சி பாக்கப் போனோம், தாத்தா பேட்டரியைக் கழட்டி மொத்தப் படத்தையும் காலி பண்ணிட்டார்"னு நான் நடிச்சுக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. தாத்தாவும் சிரிப்பார்.

அதுக்கப்புறம் தாத்தா கேமராவைத் தொடலை. முதல்ல நாங்க கவனிக்கலை. பிறந்த நாளைக்குப் போனை நீட்டி "தாத்தா, ஒண்ணு எடுங்க"ன்னா, "எனக்கெதுக்குப்பா, நான் தொட்டா கெட்டுப் போயிரும்"னு சிரிச்சுக்கிட்டே தள்ளிப் போயிடுவார். ஹாட் ஷாட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊர்க் கல்யாணத்துல நின்ன மனுஷன்.

2020 நவம்பர்ல அப்பத்தா போயிட்டாங்க. மாலை போட்டு வைக்கறதுக்குப் படம் தேடினோம். ஆதார் கார்டுப் படம் யாருக்கும் பிடிக்கலை. கொடைக்கானல் படகுல எடுத்தது ஒண்ணு இருந்துச்சு, அதுல குரங்குக் குல்லா போட்டு மூக்கு மட்டும் தெரியறாங்க. கடைசியில ஹால்ல இருந்த 1994 படத்தையே கொண்டு போய் முகத்தை மட்டும் பெரிசாக்கினோம். 73 வயசு அப்பத்தாவுக்கு 47 வயசு முகத்தோட மாலை. அன்னிக்கு அப்பா யார்கிட்டயோ, "அந்தக் குறிஞ்சிப் படம் மட்டும் இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சார். தாத்தா எழுந்து வாசலுக்குப் போயிட்டார். நான் பார்த்தேன். அதுக்கப்புறம் அந்த பேட்டரிக் கதையை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஆனா தப்புன்னும் சொல்லலை. தப்புன்னு எனக்கே தெரியாதே.

இப்ப போகிக்கு வருவோம்.

கார்டைக் கண்டதும் எனக்கு நம்ம ஓஎஸ் கிளாஸ்தான் ஞாபகம் வந்துச்சு. ஃபைல் சிஸ்டம் நடத்தினப்போ கடைசி பெஞ்சுல நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு இங்க சொல்ல வேண்டாம். ஆனா பரீட்சைக்கு முந்தின நாள் படிச்சதுல ஒண்ணு மண்டையில நின்னிருந்துச்சு. ஒரு கார்டுல படம் ஒரு இடத்துலயும், அந்தப் படத்தோட பேரு, நேரம், அளவு, அது எங்க ஆரம்பிக்குதுங்கற விவரம் வேற இடத்துலயும் இருக்கும். நம்ம அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ் ரூம்ல இருக்கு, பசங்க கிளாஸ்ல இருக்காங்க. ஒரு படத்தை அழிச்சாலும் ரிஜிஸ்டர்ல பேரைத்தான் அடிக்கிறோம், பையன் பெஞ்சுலேயே உக்காந்திருப்பான், அந்த இடத்துக்கு இன்னொருத்தன் வர்ற வரைக்கும். அழிச்ச படத்தை மீட்க முடியறது இதனாலதான்.

லேப்டாப்ல லினக்ஸ் இருக்கு. முதல் வேலையா கார்டை அப்படியே முழுசா ஒரு நகல் எடுத்தேன். இது முக்கியம் மக்களே. கார்டுல கைவைக்கிறதுக்கு முன்னால நகல் எடுத்துடணும், எந்தக் குரங்கு வேலையா இருந்தாலும் நகல்லதான். அப்புறம் போட்டோரெக் ஓட்டினேன். அது ரிஜிஸ்டரை நம்பாது. நேரா கிளாஸுக்குள்ள நுழைஞ்சு ஒவ்வொரு பெஞ்சா பார்க்கும். ஜேபெக் படம் எப்பவும் 'எஃப்எஃப் டி8'ங்கற ரெண்டு பைட்லதான் ஆரம்பிக்கும். அந்த மாதிரி தலையெழுத்து எங்கெல்லாம் இருக்குன்னு தேடி, கிடைச்சதை எடுத்துக் கொடுக்கும். இலவச மென்பொருள்தான்.

கிடைச்சது அதே 297, அந்த அரைப் படம் ஒண்ணு. கடைக்கார அண்ணன் சரியாத்தான் எடுத்திருக்கார்.

மிச்சம் 114 இருந்திருக்க வேண்டிய இடத்தை பைட் பைட்டா திறந்து பார்த்தேன். பூஜ்யம். பக்கம் பக்கமா பூஜ்யம். பாதி எழுதினது, குழம்பினதுன்னு எதுவும் இல்லை. ஆன்ல இருக்கும்போது பேட்டரியைக் கழட்டினா அப்ப எழுதிக்கிட்டிருந்த ஒரு படம் போகலாம். ரிஜிஸ்டரே கூடக் குழம்பலாம். ஆனா ரிஜிஸ்டர் அப்படியே இருக்கு, 412 பேரும் ஆஜர்! உள்ள மட்டும் சுத்தமா ஆளே இல்லை. 114 ப்ராக்ஸி.

அப்பதான் ரிஜிஸ்டர்ல நேரத்தைப் பார்த்தேன். ஏன் இதை முதல்லயே பார்க்கலைன்னு கேக்காதீங்க. அரைப் படம் எடுத்த நேரம் காலையில 8:42, கோக்கர்ஸ் வாக். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் காலி. 11 மணி வாக்குல 370-வது படம் 11:13-க்கு, அடுத்தது 11:17-க்கு. நடுவுல நாலு நிமிஷ இடைவெளி. அந்த இடைவெளியிலதான் தாத்தா பேட்டரி மாத்தியிருக்கணும்.

படம் போக ஆரம்பிச்சது 8:42-க்கு. தாத்தா பேட்டரியைத் தொட்டது ரெண்டரை மணி நேரம் கழிச்சு. அப்ப கேமரா என் கழுத்துல இருந்துச்சு.

அடுத்ததா எஃப்3-ன்னு ஒரு கருவி. நகல் எடுத்தாச்சு, இனி கார்டு போனாலும் பரவாயில்லைங்கற தைரியத்துல கார்டையே சோதிச்சேன். அது கார்டு நிறைய எதையாவது எழுதும். அப்புறம் திரும்பப் படிச்சு, எழுதினது அப்படியே இருக்கான்னு சரி பார்க்கும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில பார்த்தா, 2 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மியா நல்லா இருக்கு, மிச்சம் எல்லாம் போச்சு. அதாவது அது 32 ஜிபி கார்டே இல்லை. 2 ஜிபி கார்டு. மேல ஸ்டிக்கர் மட்டும் 32.

இது ஒரு பழைய ஏமாத்து வேலை. மெமரி கார்டுங்கறது வெறும் டப்பா இல்லை. உள்ள ஒரு குட்டிச் சில்லு உக்காந்து, எத்தனை இடம் இருக்குன்னு கேமராவுக்குப் பதில் சொல்லும். அந்தச் சில்லைப் பொய் சொல்ல வெச்சுட்டா முடிஞ்சது. கொடைக்கானல்ல ஒரு லாட்ஜ், வாசல்ல '32 ரூம்'னு போர்டு, கட்டினது ரெண்டே ரூம். மேனேஜர் சிரிச்ச முகமா பதினேழாம் நம்பர் சாவி கொடுக்கறார். ரிஜிஸ்டர்ல பேரும் எழுதிக்கறார். கதவைத் திறந்தா அந்தப் பக்கம் வெட்டவெளி. கேமரா ஒவ்வொரு படத்தையும் அந்தக் கதவு வழியா வெளிய அனுப்பிட்டு, 'வெச்சாச்சு'ன்னு நம்பிக்கிட்டிருந்திருக்கு. சில கார்டு மூணாவது ஆள் வந்ததும் முதல் ரூம் ஆளை எழுப்பி அவன் மேலேயே படுக்க வைக்கும். எங்க கார்டு அந்த அளவுக்கு மோசம் இல்லை, புதுசா வந்தவங்களை மட்டும்தான் தொலைச்சுது. எடுத்த உடனே திரையில அப்பத்தா தெரிஞ்சாங்களேன்னா, அது கேமரா தன்னோட நினைவுலேர்ந்து காட்டினது. கார்டுலேர்ந்து இல்லை.

இதுக்கு நடுவுல சும்மா ஒரு தகவல். அந்த முதல் நாள் படங்கள்ல கொடைக்கானல் சூரிய ஆய்வகத்து வாசல்ல தாத்தா நிக்கறது ஒண்ணு இருக்கு. 1899-ல ஆரம்பிச்ச இடம். அங்க 1904-லேர்ந்து சூரியனைக் கண்ணாடித் தகட்டுலயும் ஃபிலிம்லயும் படம் எடுத்து வெச்சிருக்காங்க. அதையெல்லாம் டிஜிட்டலாவும் மாத்தியிருக்காங்க. நூறு வருஷத்துச் சூரியன் பத்திரமா இருக்கு. அதே ஊர்ல, அதுக்கு மறுநாள் எடுத்த எங்க அப்பத்தா இல்லை. ஃபிலிம் மங்கும், பூஞ்சை பிடிக்கும், ஓரம் சுருங்கும். அப்பவும் ஏதோ ஒரு உருவம் நிக்கும். எங்க 1994 நெகட்டிவ் இன்னும் தாத்தாவோட டிரங்குப் பெட்டியில, நாலு நாலா வெட்டின துண்டா இருக்கு.

ஆனா கதை இங்க முடியலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு படம் சுமாரா 3 எம்பி. 411 படம்னா ஒண்ணேகால் ஜிபிக்குள்ள முடிஞ்சிடும். பொய் கார்டா இருந்தாலும் அந்த ரெண்டு ரூமுக்குள்ளேயே எல்லாரும் அடங்கியிருக்கணுமே? எது இடத்தை அடைச்சுது?

என் பஸ் வீடியோ. ஆறு நிமிஷம், 1 ஜிபிக்கு மேல. அந்தக் காலத்து கேமரா வீடியோவைச் சுருக்கத் தெரியாம ஒவ்வொரு காட்சியையும் தனித்தனி ஜேபெக் படமா அடுக்கி வைக்கும். நல்லா இருந்த ரெண்டு ரூம்ல ஒரு ரூமை நான் கொண்டை ஊசி வளைவுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். அந்த வீடியோ எடுக்காம இருந்திருந்தா கடைசிப் படம் வரைக்கும் எல்லாம் இருந்திருக்கும். அப்பத்தா இருந்திருப்பாங்க.

இதைக் கண்டுபிடிச்ச உடனே ஓடிப் போய்ச் சொல்லலை. உண்மையைச் சொன்னா ரெண்டு நாள் சொல்லலை. பொங்கல், மாட்டுப் பொங்கல் எல்லாம் முடிஞ்சுது. 371-வது படம்னு ஒரு வரி இருக்கும் ரிஜிஸ்டர்ல. 11:17, 3.1 எம்பி. பேரு இருக்கு, நேரம் இருக்கு, எடை கூட இருக்கு. அதை எத்தனை தடவை திறந்து பார்த்தேன்னு தெரியாது.

காணும் பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் தாத்தா திண்ணையில தனியா இருந்தார். 77 வயசு, காது கொஞ்சம் மந்தம். லேப்டாப்பை எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். "தாத்தா, கொடைக்கானல் படம் போனது நீங்க பேட்டரி மாத்துனதால இல்ல. கார்டே டூப்ளிகேட்டு"ன்னேன். லாட்ஜ் உதாரணம் சொன்னேன். நேரத்தைக் காட்டினேன், 8:42, 11:13, 11:17. அவர் கண்ணாடியை மேல ஏத்திக்கிட்டு அந்த வரியையே பார்த்தார்.

ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் கேட்டார்.

"கார்டு என்ன விலைடா?"

"200 ரூபா."

"யாரு வாங்குனது, உங்கப்பனா?"

"ஆமா தாத்தா."

"அவங்கிட்டச் சொல்லாத. அந்த வருசம் அவனுக்குக் கையில காசே கெடையாது. அப்பத்தாவக் கூட்டிட்டுப் போவணும்னு நான்தான் நச்சரிச்சேன்."

கடையில நாலு பேர் முன்னால நான் கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "அன்னிக்கு நான் கடையில..."ன்னு ஆரம்பிச்சேன். "நீ சின்னப் பய"ன்னு சொல்லி முடிச்சுட்டார். நான் விடலை. வீடியோ கதையையும் சொன்னேன். இடத்தை அடைச்சது நான்தான்னு சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். திட்டினா நல்லா இருக்கும்னு கூட நினைச்சேன்.

"அந்த வீடியோ இருக்கா?"ன்னார்.

இருக்கு. சிடியிலயும் இருந்துச்சு, கார்டுலயும் இருந்துச்சு. ஆறு வருஷத்துல யாருமே போட்டுப் பார்க்கலை. பஸ் ஜன்னலை யார் பார்ப்பாங்க? போட்டேன். ஆட்டமா ஆடுது. மரம், வளைவு, மரம், எதிர்ல லாரி. தாத்தாவுக்குக் கேக்கணுமேன்னு சத்தத்தை முழுசா வெச்சிருந்தேன். இன்ஜின் இரைச்சல்தான்.

ரெண்டு நிமிஷம் போனதும் இரைச்சலுக்குப் பின்னால ஒரு குரல்.

"ஏங்க, எலுமிச்சம்பழம் எடுத்தீங்களா இல்லியா?"

"எடுத்தேன் எடுத்தேன், பையில பாரு."

"எந்தப் பையில? ஒரு வேலைக்காச்சும் ஒழுங்கா... டேய், தலைய உள்ள இழுடா!"

அந்த 'டேய்' நான்தான். கேமரா ஒரு குலுக்கு குலுக்கி உள்ள வருது. அரை விநாடிக்கு ஒரு சேலை முந்தானையும் வளையல் போட்ட ஒரு கையும் தெரியுது. திரும்ப ஜன்னல். கடைசி வரைக்கும் அப்பத்தா பேசிக்கிட்டே வர்றாங்க. குமட்டுதுன்னு, டிரைவர் பொறுமையா ஓட்டக் கூடாதான்னு, அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு.

தாத்தா லேப்டாப் பக்கம் நல்ல காதைக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருந்தார். முடிஞ்சதும் கையை மட்டும் சுழற்றிக் காட்டினார், இன்னொருக்கா போடுன்னு.

போட்டேன்.

இருட்டினதுக்கு அப்புறம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. நாங்க அப்பவும் டம்டம் பாறையிலதான் இருந்தோம்.

அந்த வீடியோ இப்ப மூணு இடத்துல இருக்கு. லேப்டாப்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, தாத்தா போன்ல ஒண்ணு. படத்தை விட்டுட்டுக் குரலை மட்டும் தனியா வெட்டிக் கேட்டார், அதுவும் போட்டுக் கொடுத்திருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. அவர் இந்தப் பக்கமெல்லாம் வர மாட்டார்ங்கற தைரியத்துலதான் இவ்வளவும் எழுதறேன். யாராச்சும் எங்க அப்பாவைத் தெரிஞ்சவங்க இருந்தா, வாயை மூடிக்கிட்டு இருங்க, புண்ணியமாப் போகும்.

போட்டோ மட்டும் தாத்தா இன்னும் எடுக்க மாட்டேங்கறார். போனை நீட்டினா "நீயே எடு"ன்னுதான் சொல்றார். ஆனா முன்ன மாதிரி, 'நான் தொட்டா கெட்டுப் போயிரும்'னு சொல்றதில்லை.